மைலர் லாவெலின் சாவு வீடு

கன்னமாரா, அயர்லாந்து
1852 பிப்ரவரி 2

மகள் சபீனாவுக்கு,

கடவுளும் மாதாவும் உன் பக்கம் இருக்கட்டும். உடம்பு எப்படி இருக்கிறது? நான் சுகம். முட்டி மட்டும் மழைக்கு முன்னால் மழையைச் சொல்கிறது.

இதை எழுதுவது உன் அப்பன் கோல்மன் மல்கெரின். யாரிடமும் சொல்லி எழுதவைக்கவில்லை. என் கைதான் இது. அறுபத்தெட்டு வயதில் எனக்கு எழுத்து வந்துவிட்டது. நம்பிக்கை இல்லையென்றால் ஓரத்தைப் பார், அந்த மைக்கறை என் கட்டைவிரல்.

பாலத்தடியில் செருப்புத் தைக்கும் மலாக்கி உனக்கு நினைவிருக்கும். அவன்தான் தோல் துண்டில் சுண்ணக்கட்டியால் எழுதிக் காட்டினான். "மம்பட்டி புடிச்ச கை. எழுதுனா உழுத மாதிரிதான் இருக்கும்" என்று சிரித்தான். உழுதால் என்ன, முளைக்கிறதல்லவா? கடைத்தெருவில் இருக்கிற பலகை எல்லாவற்றையும் வாசித்து முடித்துவிட்டேன். இரண்டு முறை.

மூன்று வருடமாகத் தொப்பிக்குள் மடித்து வைத்திருந்த ஒரு தாளையும் வாசித்தேன். நம் கதவில் யாரோ ஆணியடித்துவிட்டுப் போனது. பஞ்ச நிவாரணக் கஞ்சிக்கான சீட்டு என்று நினைத்துப் பத்திரப்படுத்தியிருந்தேன். வீட்டைக் காலிசெய்யச் சொல்லி நிலக்காரத் துரை எழுதியது அது. அழகான கையெழுத்து. மறுபடியும் தொப்பிக்குள்ளேயே வைத்துவிட்டேன். மழை உள்ளே இறங்காமல் தடுக்கிறது.

அந்தத் துரையின் வைக்கோல் போருக்கு நீ தீ வைத்ததை ஊர் இன்னும் பேசுகிறது. "வருத்தப்படுறியா?" என்று மாஜிஸ்திரேட் கேட்டதற்கு, "ஆமா எசமான். காத்து கொஞ்சம் அடிச்சிருந்தா கொட்டகையும் போயிருக்கும்" என்று நீ சொன்னாயே, மலாக்கி அதை மாதம் ஒருமுறையாவது சொல்லிக் காட்டுகிறான். அதற்காக ஏழு வருடம் கடலுக்கு அப்பால் கைதித் தீவில். அங்கே சாப்பாடு கிடைக்கிறதா? எழுது. இனி உன் கடிதத்தை நானே வாசிப்பேன்.

இந்த ஒரு பக்கத்துக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று.

உன் அப்பன்,
கோல்மன் மல்கெரின் (இது கீறல் அல்ல, கையெழுத்து)


ஹோபார்ட், வான் டீமன் நாடு
1852 ஜூன் 24

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகமாக இருக்கிறேன். உங்கள் முட்டிக்குச் சூடான உப்பு ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தைச் சலவைத் தொட்டியோரம் நின்று வாசித்தேன். பக்கத்தில் நின்றவர்களுக்கும் வாசித்துக் காட்டினேன். தொப்பி விஷயத்தை மூன்று முறை கேட்டார்கள். கப்பலில் வைத்தியர் எங்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். அப்பனும் மகளும் அடுத்தடுத்துப் பள்ளிக்கூடம் போயிருக்கிறோம்.

அம்மா எப்படி இருக்கிறாள்? நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லையே.

சிறை வழியாகப் போகும் கடிதத்தை அதிகாரிகள் பிரித்துப் பார்ப்பார்கள். இது அப்படிப் போகவில்லை. ரொட்டிக்கடைக்காரியின் வெள்ளைத்துணிக் கூடையில் வெளியே போகிறது. பதிலை அவள் முகவரிக்கே அனுப்புங்கள்.

எனக்கு ஒரு உதவி வேண்டும். என் புருசன் சாக வேண்டும்.

பயப்படாதீர்கள். கப்பலில் ஜூடி ஸ்கல்லி என்று ஒரு டப்ளின்காரி இருந்தாள். அவள்தான் எங்களிடம் சொன்னாள்: "எறங்குன ஒடனே குமாஸ்தா கேப்பான், கல்யாணம் ஆயிருச்சான்னு. ஆயிருச்சுன்னு சொல்லுங்கடி. புருசன் இருக்கிறவ வீட்டுவேலைக்கு வந்தா எசமான் கை வைக்கக் கொஞ்சம் யோசிப்பான்." நானும் திரைச்சீலை வளையம் ஒன்றை விரலில் மாட்டிக்கொண்டு, புருசன் பெயர் மைலர் லாவெல், ஊரில் இருக்கிறான் என்று சொல்லிவிட்டேன். குமாஸ்தா பதிவேட்டில் எழுதிக்கொண்டான். எசமான்கள் யோசிப்பார்கள் என்று ஜூடிக்கு யாரோ தவறாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இங்கே அனுமதி வாங்கிக் கல்யாணம் செய்துகொள்ளும் கைதிப் பெண் சிறையை விட்டுப் புருசன் வீட்டுக்குப் போய்விடலாம். மரம் அறுக்கும் ஆமோஸ் என்பவர் என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். தண்டனைக் காலம் முடிந்தவர், ஒரு நாளைக்கு மூன்று வார்த்தை பேசுவார். அவர் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை, நான்தான் அவரைத் தேர்ந்தெடுத்தேன். ஆனால் பதிவேட்டில் எனக்குப் புருசன் இருக்கிறான். அவன் இறந்துவிட்டதாக ஊரிலிருந்து கடிதம் வந்தால்தான் அனுமதி. 1854 மார்ச்சுக்குள் நான் வெளியே வந்தாக வேண்டும். ஏன் என்று கேட்காதீர்கள்.

என்னை வெளியே வேலைக்கு அனுப்பும்போதெல்லாம் எசமானியை ஏதாவது சொல்லித் திட்டிவிட்டு ஒரு வாரத்தில் சிறைக்கே திரும்பி வந்துவிடுகிறேன். தண்டனையாகச் சலவை முற்றம்தான் தருவார்கள். அந்த முற்றத்தின் கிழக்குச் சுவர் எனக்கு வேண்டியிருக்கிறது.

அம்மாவுக்கு என் முத்தம்.

உங்கள்,
சபீனா


கன்னமாரா
1852 நவம்பர் 9

மகளே,

உன் கடிதத்தை நானே வாசித்தேன். காலையில் தொடங்கி மத்தியானத்தில் முடித்தேன். "என் புருசன் சாக வேண்டும்" என்ற இடத்தில் எழுந்து ஒருமுறை நடந்துவிட்டு வந்தேன். முட்டி தேவலை. உனக்கு இருமல் ஏதும் இல்லையே?

எனக்கு ஒரு மருமகன் இருந்ததே தெரியாது. கிடைத்த அன்றைக்கே சாகடிக்கச் சொல்கிறாய். செய்கிறேன்.

முதலில் மாதா கோவில் சாமியாரிடம் போனேன்.

"கோல்மன், இருந்தவன் செத்தான்னு எழுதலாம். இல்லாதவன் செத்தான்னு எப்படிய்யா எழுதுறது?" என்றார்.

"உயிரோட இல்லைங்கிறது உண்மைதான சாமி?"

"போய்யா அங்கிட்டு. பொய்க்கு என்கிட்ட கையெழுத்துக் கேக்காதே."

கோபித்துக்கொண்டு வந்து நானே எழுதிவிட்டேன். தனித்தாளில் இத்துடன் இருக்கிறது. எழுத உட்கார்ந்தபோது எனக்கு அவனை மிகவும் பிடித்துப் போயிற்று. நல்ல உயரம், சிவப்புத் தலைமுடி, நன்றாகப் பாடுவான். அவன் எப்படிச் செத்தான் என்பதை விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

இப்போது ஒன்று. நானும் பிள்ளை பெற்ற வீட்டில் இருந்தவன்தான். வேண்டுமென்றே சிறைக்குத் திரும்பி வருகிற பெண்ணைப் பற்றி ஒரு முழு நாள் யோசித்தேன். கிழக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அது ஆணா பெண்ணா என்று மட்டும் எழுது.

அப்பன்


ஹோபார்ட்
1853 மார்ச் 20

அப்பா,

பெண்.

பெயர் செலியா. அம்மாவின் பெயர். போன பதினோராம் தேதி இரண்டு வயது முடிந்தது. சுகமாக இருக்கிறாள், நானும் சுகம். சுவருக்கு அந்தப் பக்கம் கைதிகளின் குழந்தைகளை வைத்திருக்கிறார்கள். வெயிலே வராத கட்டடம். தாய்க்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம். மற்ற நாட்களில் சுவரில் காது வைத்தால் அழுகை கேட்கும். அவள் அழுகை எனக்குத் தெரியும், தொண்டை பெரிது.

தகப்பன் யார் என்று என்னிடம் கேட்டார்கள். சொல்லவில்லை. சொன்னால் அவன் மறுப்பான், நான் பொய்க்காரி ஆவேன். அவன் மறுக்காவிட்டாலோ இன்னும் மோசம், குழந்தையின் மேல் அவனுக்கு உரிமை வந்துவிடும். சொல்லாததற்கு ஆறு மாதம் தொட்டியில் நின்றேன். நின்றால் என்ன, என் துணி மட்டும்தான் நனைந்தது.

மூன்று வயதானால் குழந்தையை அநாதைப் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். தாய் இருக்கும்போதே அநாதை. அங்கே போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. கல்யாணமாகிச் சொந்த வீடு இருக்கிற பெண் கேட்டால்தான் குழந்தையைக் கொடுப்பார்கள். அதனால்தான் மார்ச் என்று எழுதினேன். ஆமோஸிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன்: "நாங்க ரெண்டு பேரு. ஒருத்தி மட்டும் வேணும்னா வேற எடம் பாருங்க." அவர் யோசித்துவிட்டு, "கட்டில் பெருசாச் செய்யணும்" என்றார். அன்றைக்கு மூன்று வார்த்தையும் அதற்கே செலவாயிற்று.

உங்கள் மரணக் கடிதத்தை ஆபீசில் கொடுத்தேன். குமாஸ்தா வாசித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"உன் புருசன் செவ்வாய்க்கெழமை காய்ச்சல்ல செத்திருக்கான். அப்புறம் வியாழக்கெழமை கடல்ல முழுகிச் செத்திருக்கான். ரொம்பக் கெட்டியான ஆளு போலயே."

அப்பா, ஒரு சாவு போதும். சாமியாரின் கையெழுத்தும் பங்குக் கோவில் முத்திரையும் இல்லாமல் செல்லாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். ஒரு கடிதம் போய் ஒரு பதில் வரத்தான் நேரம் இருக்கிறது. இதுதான் அந்தக் கடிதம்.

அனுமதிக்கு நன்னடத்தையும் வேண்டும். அதனால் ஒரு எசமானி வீட்டில் வாயை மூடிக்கொண்டு வேலை செய்கிறேன். சிறைக்குத் திரும்பிப் போய்ச் சுவரில் காது வைக்க முடியாது. அதுதான் கஷ்டம்.

பேத்தி பிறந்திருக்கிறாள் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். இரண்டாவது முறையாக அவளைக் கேட்கிறேன்.

சபீனா


கன்னமாரா
1853 ஆகஸ்ட் 6

சபீனாவுக்கும் செலியாவுக்கும்,

இரண்டு பெயரை எழுதிவிட்டுச் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருவருக்கும் காய்ச்சல் தலைவலி அண்டாமல் இருக்கட்டும். நான் கல் மாதிரி இருக்கிறேன்.

சாமியாரின் கையெழுத்து இத்துடன் இருக்கிறது. முத்திரையும் உண்டு. எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

உன் கடிதத்தை மலாக்கியிடம் வாசித்துக் காட்டினேன். அவன் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "சாமி பொய் எழுத மாட்டாரு. சரி. உண்மையாவே அந்த ஆளுக்கு ஒரு சாவு வீடு நடத்திட்டா?" என்றான்.

நடத்தினோம். போன செவ்வாய்க்கிழமை, பகலில், மலாக்கியின் கடையில். கதவைக் கழற்றி இரண்டு முக்காலிமேல் வைத்தோம். தோலும் வைக்கோலும் சுருட்டி ஆள் உயரத்துக்கு ஒன்று செய்து வெள்ளைத் துணியால் மூடினோம். மலாக்கி புது பூட்ஸ் ஒரு ஜோடி தைத்துக் காலில் மாட்டினான். "முன்னபின்ன தெரியாத ஊருக்குப் போறவன், வெறுங்காலோடயா போவான்?" தட்டில் புகையிலை, புகை பிடிக்க மண்குழாய்கள், உப்பு மீன், கிழங்கு, மறைத்துக் காய்ச்சிய சாராயம். ஊர் முழுக்க வந்துவிட்டது. எல்லாருக்கும் விஷயம் தெரியும். இருந்தாலும் ஒவ்வொருவரும் என் கையைப் பிடித்து, "தங்கமான புள்ள. இப்படிப் போயிட்டானே" என்றார்கள். எதிர்வீட்டுக்காரன் ஒரு படி மேலே போய், மைலர் தன்னிடம் வாங்கிய மண்வெட்டியைத் திருப்பித் தரவில்லை என்று சண்டைக்கு வந்தான்.

அப்புறம் ஒப்பாரிக்காரி நாப்லா தலைமாட்டில் உட்கார்ந்தாள். மைலருக்கு என்று இரண்டு அடி பாடினாள். மூன்றாவது அடியில் நின்றுவிட்டாள். தன் மகன்கள் பெயரைச் சொல்லி அழ ஆரம்பித்தாள். பஞ்சத்தில் போன மூன்று மகன்கள். உடனே பக்கத்திலிருந்தவள் தன் வீட்டுக்காரன் பெயரைச் சொன்னாள். ஒவ்வொருத்தியாக எல்லாரும் சொன்னார்கள். அந்த வருடங்களில் இந்த ஊரில் யாருக்கும் சாவு வீடு நடக்கவில்லை, மகளே. அழ உடம்பில் தெம்பு இருந்தவர்கள் இல்லை. அடிப்பலகை திறக்கிற ஒரே பெட்டியில் கொண்டுபோய்க் குழியில் இறக்கிவிட்டு, பெட்டியை அடுத்த வீட்டுக்கு எடுத்து வந்தோம்.

உன் அம்மாவையும் அந்தப் பெட்டியில்தான் கொண்டுபோனேன். 1849 ஜூலையில், நீ கடலில் இருந்தபோது. வீட்டின் கூரையைத் துரையின் ஆட்கள் பிடுங்கிய ஒன்பதாம் நாள். அன்றிலிருந்து நான் மலாக்கியோடுதான் இருக்கிறேன். இதை எழுத எனக்கு எல்லா எழுத்தும் தெரியும். கைதான் வரவில்லை. செவ்வாய்க்கிழமை நாப்லாவுக்கு அடுத்து நான் "செலியா" என்று சத்தமாகச் சொன்னேன். அதனால் இன்றைக்கு எழுத முடிகிறது. உன் அம்மா உன் பேரைத்தான் கடைசியாகச் சொன்னாள். நான் சொல்லாமல் வைத்திருந்ததற்குக் கோபப்படு. பிறகு பொறுத்துக்கொள்.

நடுவில் சாமியார் பிரம்போடு வந்தார். இந்தக் கூத்தையெல்லாம் பிஷப் தடை செய்திருக்கிறார் அல்லவா? வாசலில் நின்று, பெண்கள் சொல்லி அழுத பெயர்களைக் கேட்டார். அத்தனை பேரையும் செபம் சொல்லாமல், பெட்டி இல்லாமல் புதைத்தவர் அவர்தான். பிரம்பு கீழே இறங்கிற்று. தொப்பியைக் கழற்றினார்.

"செத்தது யாரு?" என்று மெதுவாகக் கேட்டார்.

"மைலர் லாவெல், சாமி" என்றான் மலாக்கி. "யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாதவன்."

"அது சரிதான்" என்றார் சாமியார். உள்ளே வந்து முழங்காலிட்டார். மறுநாள் அவரே கூப்பிட்டு எழுதிக் கொடுத்தார். எனக்கு மனப்பாடம்: "மைலர் லாவெல் என்பவருக்கு என் பங்கு மக்கள் ஊரறியச் சாவுச் சடங்கு நடத்தினார்கள். அவர் ஆன்மாவுக்காக நான் பூசை வைத்தேன். அவர் இவ்வுலகில் உயிரோடு இல்லை என்று உறுதி கூறுகிறேன்." ஒரு வார்த்தை பொய் இல்லை. கீழே முப்பத்தொரு பேர் கைநாட்டாகச் சிலுவைக்குறி போட்டிருக்கிறார்கள். எழுதிக் கையெழுத்துப் போட்டவர்கள் மலாக்கியும் நானும் மட்டும்தான்.

அப்பன்


ஹோபார்ட்
1853 நவம்பர் 2

அப்பா,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். உங்கள் பதில் இன்னும் வரவில்லை. வழியில் இருக்கும் என்று நம்பி எழுதுகிறேன்.

செலியாவை அநாதைப் பள்ளிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மூன்று வயதாக நான்கு மாதம் இருக்கும்போதே. புதுக் குழந்தைகளுக்கு இடம் போதவில்லையாம். அன்று ஞாயிற்றுக்கிழமை. நான் பார்க்கப் போன நேரத்தில்தான் சலவை முற்றத்து வாசலில் வண்டி நின்றது. குழந்தைகளைக் கவனிக்கும் மேட்ரன் என் கையிலிருந்து அவளை வாங்கினாள். நான் கை ஓங்கினால் நன்னடத்தை போய்விடும், அனுமதி போய்விடும். அது மேட்ரனுக்கும் தெரியும். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அடிக்கவில்லை, கத்தவில்லை. குழந்தையின் பொத்தானைப் போட்டுவிட்டேன். அவ்வளவுதான்.

ஆனால் சலவை முற்றத்தில் எண்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜூடி ஸ்கல்லி முதலில் துணி அடிக்கும் கட்டையால் தொட்டியைத் தட்டினாள். பிறகு எண்பது தொட்டி. பக்கத்துக் குன்று வரை கேட்டதாம். சூப்பிரண்டெண்டு ஓடி வந்து, "யாரு ஆரம்பிச்சது?" என்றார்.

"நாந்தான்" என்றாள் ஜூடி.

"நாந்தான்" என்றாள் அவளுக்கு அடுத்தவள். எண்பது பேரும் வரிசையாக, "நாந்தான், நாந்தான்." எண்பது பேரை அடைக்க அவர்களிடம் இருட்டறை இல்லை. நான் ஒருத்தி மட்டும் எதுவும் சொல்லவில்லை. என் பெயரில் அன்றைக்கு ஒரு குற்றமும் ஏறவில்லை.

அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதாததன் பொருள் எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். இருந்தாலும் எழுதுங்கள்.

சபீனா


ஹோபார்ட்
1854 ஏப்ரல் 23

என் அப்பாவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் சுகம். மூன்று பேர் என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் கடிதம் டிசம்பரில் வந்தது. அம்மாவுக்காக ஒரு நாள் அழுதேன். மறுநாள் தாளை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். குமாஸ்தா முத்திரையை நகத்தால் சுரண்டிப் பார்த்தான், முப்பத்தொரு குறியையும் எண்ணிப் பார்த்தான். "இந்த வாட்டி நல்லாவே செத்திருக்கான்" என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டான். பிப்ரவரியில் கல்யாணம். அநாதைப் பள்ளிக்கு அனுமதிக் கடிதம் வர இரண்டு மாதம் இழுத்தார்கள். போன செவ்வாய்க்கிழமை போனோம்.

பள்ளித் தலைவி என்னை உட்காரச் சொல்லவில்லை.

"நீ வைக்கோல் போரை எரிச்சவ. உன்கிட்ட எப்படி ஒரு புள்ளைய நம்பிக் கொடுக்கிறது?"

"பசியில எரிச்சேன்மா. இவளுக்குப் பசி வராது."

"இங்க பழகிட்டா. உன்ன அடையாளம்கூடத் தெரியாது."

அது உண்மைதான். தலையை மழித்திருந்தார்கள். உடம்பு பாதி ஆகியிருந்தது. என்னைப் பார்த்துத் தூணுக்குப் பின்னால் போய்விட்டாள். "பாத்தியா" என்றாள் தலைவி.

நான் வாசற்படியில் உட்கார்ந்தேன். "பதினாலாயிரம் மைல் வந்தவ நான். அவ அந்தத் தூணைச் சுத்தி வர்ற வரைக்கும் இருக்க மாட்டேனா?" மணி அடித்தது, பிள்ளைகள் சாப்பிட்டார்கள், மறுபடி மணி அடித்தது. கதவைப் பூட்ட வேண்டும் என்றார்கள். பூட்டுங்கள் என்றேன். ஆமோஸ் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு குச்சியைச் சீவிக்கொண்டிருந்தார். வெயில் சாயும்போது செலியா வந்தாள், என்னிடம் அல்ல, அந்தக் குச்சியிடம். எனக்கு அது போதும்.

மர வண்டியில் தூக்கி வைத்தோம். பாதி வழியில் முதல்முறையாக வாய் திறந்தாள்.

"எறங்கணும்."

ஆமோஸ் வண்டியை நிறுத்தினார். இறக்கிவிட்டோம். யார் கையையும் பிடிக்கவில்லை. வண்டிக்கு முன்னால் தனியாக நடந்தாள். நாங்கள் பின்னாலேயே மெதுவாகப் போனோம். வீடு வரைக்கும் அப்படித்தான்.

சபீனா


கன்னமாரா
1854 செப்டம்பர் 3

செலியாவுக்கும், உன் அம்மாவுக்கும், அந்த மூன்று வார்த்தை மனிதருக்கும்,

மூவரும் திடமாக இருங்கள். எனக்கு முட்டி என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டேன்.

கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் கோவில் வாசல் கல்லின்மேல் ஏறி நின்று வாசித்தேன். மைலர் விஷயத்தை மட்டும் விட்டுவிட்டேன், சாமியாரும் கேட்டுக்கொண்டு நின்றாரே. இப்போது மூன்று வீட்டுப் பெண்கள் தங்கள் மகள்களுக்கு எழுதித் தரச் சொல்லி என்னிடம் வருகிறார்கள். அதில் ஒருத்தியின் மகளுக்கும் ஒரு புருசன் சாக வேண்டியிருக்கிறது. சாமியார் என்னைத் தனியே கூப்பிட்டு, "கோல்மன், இந்த வருசம் இனிமே யாரையும் கொல்லாதே" என்றார். அடுத்த வருடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொன்று. "பசியில எரிச்சேன்மா. இவளுக்குப் பசி வராது" என்ற இடத்துக்கு நான் வந்தபோது, நிலக்காரத் துரையின் காரியஸ்தர் குதிரையில் அந்த வழியாக வந்தார். நம் கூரையைப் பிடுங்கவைத்தவர். எனக்குக் குரல் இன்னும் கொஞ்சம் ஏறிற்று. குதிரையை நிறுத்தினார்.

"என்னய்யா வாசிக்கிற, கெழவா?"

"என் மக எழுதுன கடிதாசி, ஐயா. எறங்கி உக்காருங்க. மொதல்லேருந்து வாசிக்கிறேன்."

அவர் இறங்கவில்லை. நான் முதலிலிருந்து வாசித்தேன்.

உன் தாத்தா,
கோல்மன் மல்கெரின்